எஃபி கட்டிய மஞ்சள் பூச்சி

ட்வீட் ஆற்று டிரவுட் மீனை ஏமாற்றப் பொய்ப்பூச்சி கட்டுவதுதான் எஃபி ராங்கினின் பிழைப்பு. தூண்டில் கொக்கியில் பட்டு நூலைச் சுற்றி, கௌதாரி இறகு ஒன்றை வைத்து முடிச்சுப் போடுவாள். கைவேலை சுத்தம். வாய்தான் அப்படியில்லை, ராங்கின் வீட்டு ரத்தம், பொசுக்கென்று கோபம் வந்துவிடும்.

காய்ந்த நூலில் நிறம் பார்ப்பவன் மடையன் என்பாள். மீன் பார்ப்பது நனைந்த நிறத்தை அல்லவா? நூலை நாக்கில் நனைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் கட்டுவாள். பளீரென்ற மஞ்சள்கூட ஈரம் பட்டால் பாசிப்பச்சை ஆகிவிடும்.

ஒரு மே மாத மீன்பிடிப் போட்டிக்குத் தம்பி ஆர்ச்சிக்கு மஞ்சள் பட்டில் கட்டிக் கொடுத்தாள். வழக்கமாக நூலுக்குப் பூசும் கறுப்பு மெழுகு தீர்ந்துபோய் வெள்ளை மெழுகு பூசியதால் பூச்சி ஜொலித்தது. ஆர்ச்சி விடுவானா? மதுக்கடையில் பெட்டியைத் திறந்து எல்லோருக்கும் காட்டினான்.

"பாருங்கய்யா, எங்கக்கா மஞ்சக் கேனரிக் குருவியக் கட்டிக் குடுத்திருக்கா! மீன் இதத் தின்னுமா, இல்ல பாடச் சொல்லிக் கேக்குமா?"

கடையே சிரித்தது. வாசலில் நின்ற எஃபியின் காதில் விழுந்தது. உள்ளே போய் நாக்கில் நனைத்துக் காட்டியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நாலு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டானே என்று பொருமிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

போட்டியன்று சாயங்காலம் ஆர்ச்சி கதவைத் தட்டினான். "அக்கா, திற. ஒண்ணு காட்டணும்."

"உன் கேனரியக் கொண்டுபோய்க் கூண்டுல அடைடா! இனிமே இந்த வாசப்படிய மிதிச்சே, பாத்துக்க!" தாழ்ப்பாளைப் போட்டாள்.

அவனும் ராங்கின்தானே, மறுபடி வரவில்லை. புத்தாண்டு பிறந்ததும் ஊர் வழக்கப்படி அதிர்ஷ்டத்துக்குக் கரித்துண்டோடு முதல் ஆளாக அக்கா வீட்டுப் படியேறுபவன் அவன்தான், அதுவும் நின்றது. வருஷாவருஷம் அவனுக்கென்று கேக் வெட்டி வைத்தாள். கூப்பிட மட்டும் வாய் வரவில்லை.

ஒரு குளிர்காலம் மார்ச்சளி ஆர்ச்சியைக் கொண்டுபோய்விட்டது. அடக்கம் முடிந்து அவன் மனைவி ஐஸா தேநீர் ஊற்றும்போது எஃபி மெல்ல ஆரம்பித்தாள்.

"நனைஞ்சா அந்த மஞ்சப் பூச்சி பாசிப்பச்சை ஆயிடும்னு அவன்கிட்ட நான் சொல்லியிருக்கணும், ஐஸா."

"அது அவருக்குத் தெரியாதாக்கும்? உங்களச் சீண்டத்தான் அப்படிச் சொன்னாரு, அண்ணி. அந்தப் பூச்சியப் போட்டுத்தான் அன்னிக்கு ஜெயிச்சாரு. பெரிய மீனு அக்காவுக்குன்னு எடுத்துட்டு உங்க வீட்டுக்குத்தான் நேரா வந்தாரு."

எஃபி கோப்பையைக் கீழே வைத்தாள். "அந்த மீன என்ன பண்ணினான்?"

"திரும்பக் கொண்டாந்தாரு. சமைக்கவும் விடல. பூனைக்குப் போட்டுட்டாரு."

"அந்தத் தாழ்ப்பாளத் திறக்க எனக்கு என்னடா கேடு வந்துச்சு, ஆர்ச்சி!" என்று அத்தனை பேர் முன்னாலும் எஃபி ஓவென்று அழுதாள்.