நாத்தனார் பேரில் இருந்த இடம்

என் நாத்தனார் பல் செட் செய்கிறவள். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவளுக்கு இப்படி ஒரு வேலை வாய்த்ததே என்று கிண்டல் செய்வேன். சிரித்துவிட்டுப் போய்விடுவாள். மெழுகு அச்சைக் கையில் எடுத்தால் அரை நாள் அசையாமல் உட்காருவாள். கை சும்மா இருந்தால் மட்டும் கால் ஆட ஆரம்பித்துவிடும்.

அந்த மாதம் அவள் கால் நிற்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவள் உட்காரவில்லை. ஜன்னல் வரை போனாள், திரும்பி வந்தாள், என் அலமாரிக் கதவில் ஆடிக்கொண்டிருந்த திருகாணியை யாரும் கேட்காமலே முடுக்கினாள். ஏன் இப்படி இருப்புக் கொள்ளாமல் அலைகிறாய் என்றால், ஒன்றுமில்லை அண்ணி என்று மென்று விழுங்கினாள்.

ஊரே அப்படித்தான் இருந்தது. வட்டிக்கு வரி பிடிக்காத சேமிப்புக் கணக்கில் ஓர் ஆள் வருஷத்துக்கு இவ்வளவுதான் போடலாம் என்று ஒரு வரம்பு உண்டு. அடுத்த வருஷத்திலிருந்து அதைப் பாதியாகக் குறைக்கப் போகிறார்கள் என்று செய்தி வந்ததும், அதற்குள் போட்டுவிட வேண்டுமென்று ஆளாளுக்கு வங்கிக்கு ஓடினார்கள். போட ஒன்றும் இல்லாதவர்களும் கவலைப்பட்டார்கள், அது தனி வேடிக்கை.

என் வீட்டுக்காரருக்கு டயர் கடை. கையில் நாலு காசு புரளும். தன் வரம்பு நிரம்பியதும் என் பேரில் போடுவார். அதுவும் நிரம்பினால் தங்கை பேரில். உன் இடம் காலியாகத்தானே கிடக்கிறது என்பார் வருஷா வருஷம். அவளும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள். அவளுக்கென்று ஏதாவது சேமிப்பு இருக்குமா என்று கேட்க இந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

முழு வரம்புக்கு இதுதான் கடைசி வாய்ப்பு, நாளைக்கு வங்கிக்கு வந்துவிடு என்று அவர் சொன்னதும் அவள் எழுந்து சமையலறைக்குள் வந்தாள். கழுவி வைத்திருந்த தட்டையே திரும்பக் கழுவினாள். அப்போதுதான் என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். அவள் வேலை செய்யும் பட்டறையின் முதலாளி சில வருஷத்தில் இடத்தை விற்கப் போகிறாராம். பீங்கான் பல் சுடும் உலையோடு சேர்த்து அதை வாங்கத்தான் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்திருக்கிறாள். போன வாரமே அந்தப் பணத்தைத் தன் கணக்கில் போட்டுவிட்டாள். வரம்பு நிரம்பிவிட்டது. அண்ணனிடம் எப்படிச் சொல்வது?

நான் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். எனக்குக் கோபம் வந்தது, அவள் மேலா அவர் மேலா என்றுதான் புரியவில்லை.

மறுநாள் மூன்று பேரும் போனோம். வரிசை வாசல்வரை நின்றது. எங்கள் முறை வந்தபோது, இந்தக் கணக்கில் இந்த வருஷத்துக்கு இனிமேல் போட முடியாது என்றாள் கவுண்டரில் இருந்த பெண். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, சரியாகப் பாருங்கள் என்று என் வீட்டுக்காரர் குரலை உயர்த்தினார். பக்கத்தில் நாத்தனாரின் கால் நின்றுவிட்டது.

"தப்பு இல்லண்ணா. நான்தான் போட்டேன். என் பணம்."

"உனக்கேது பணம்?"

நாள் முழுக்கப் பீங்கான் தூசியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறவளைப் பார்த்து இப்படிக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவள் அழுதுவிடுவாள் என்று பயந்தேன். அழவில்லை.

"நீங்க இத்தனை வருஷமா போட்டதும் என் கணக்குலதான் இருக்கு. ஒரு பைசா தொடமாட்டேன். வேணுங்கறப்ப சொல்லுங்க, நான் வந்து எடுத்துத் தரேன்."

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னாள். ஆனால் அவர் முகம் சுண்டிப்போயிற்று. தன் பணத்தை எடுக்கத் தங்கை வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வேலைக்கு நேரமாகிறது என்று அவள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்தும் அவரால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். பிறகு என் எதிரே வந்து, அடுத்த வருஷம் பாதி வரம்புதான் என்றாலும் உன் பேரில் வழக்கம்போலப் போட்டுவிடலாம் என்றார். சரிதானே என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். என் கால் ஆடிக்கொண்டிருந்தது.