மதிப்பிற்குரிய ‘உ’ அவர்களுக்கு

ஒரு கம்ப்யூட்டருக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தவன் நான். அந்தப் பொய்யை முதலில் நம்பியவனும் நானே.

மயிலாப்பூரில் மாதமொருமுறை கூடிப் புத்தகம் பேசும் எங்கள் வாசகர் வட்டத்தின் உறுப்பினர் பட்டியல், என் கம்ப்யூட்டரில் ஒரு டேட்டாபேஸில் இருக்கிறது. பட்டனை அமுக்கினால் மேலிருந்து கீழாக ஒவ்வொருவருக்கும் அழைப்பு மெயில் போகும்படி ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். கோளாறு வந்தால் திரையில் மிரட்டலாக ஆங்கிலம் வரும். எங்கள் செயலாளர் மாமி பயந்துவிடுவார். ஆகவே என்ன கோளாறானாலும் வேலையை நிறுத்திவிட்டு, ‘அனைத்து மெயில்களும் அனுப்பப்பட்டன, நன்றி’ என்று அது சொல்லும்படி பண்பாக ஏற்பாடு செய்திருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை மாலை பழைய ஏரிகளைப் பற்றிப் பேச, மதுரையிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார். மழையில் எங்கள் வழக்கமான ஹால் ஒழுகியதால் கூட்டத்தை அடையாறுக்கு மாற்றியிருந்தோம். காலையில் பட்டனை அமுக்கினேன். நன்றி வந்தது. காபி குடித்தேன்.

பதினொரு மணிக்கு ஓர் உறுப்பினரின் போன்.

“சாயந்திரம் நம்ம ஹால்லதானே சார்?”

“அடையாறு சார். மெயில் பாக்கலையா?”

“ஒண்ணும் வரலியே!”

பட்டியலில் நானும் உண்டு. எனக்கும் வரவில்லை. எழுபத்தைந்து வயதில் எட்டு மணி நேரம் ரயிலில் வந்த மனிதர், காலி நாற்காலிகளிடம் ஏரிகளைப் பற்றிப் பேசப்போகிறார். வாட்ஸ்அப் குழு இருந்தால் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். காலை வணக்கமும் ரோஜாப்பூவும் வந்து குவியும் என்று அதைத் தடுத்தவனும் நான்தான்.

இன்டர்நெட்டை அணைத்துப் போட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன், மாற்றியதை உடனே மறந்தேன். மெயில் கம்பெனியை, வாய்க்கு வந்தபடி, ஆனால் தனிமையில், திட்டினேன். ஒரு மணிக்குத்தான் நான் எழுதியதை நானே படித்துப் பார்க்கும் அவலத்துக்கு இறங்கினேன். அந்தப் பண்பான வரியை நீக்கிவிட்டுப் பட்டனை அமுக்கினேன். கம்ப்யூட்டர் முதன்முறையாக உண்மை பேசியது: முதல் வரிசையில் முகவரி இல்லை.

போன வாரம்தான் மாமி புதுப் பட்டியலைத் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். திறந்தேன். முதல் வரிசை, பெயர்: ‘உ’. முகவரி: காலி. மாமிக்குப் போன் செய்தேன்.

“மாமி, லிஸ்ட்ல ‘உ’ன்னு ஒருத்தர் இருக்காரே, யாரு?”

“நன்னாக் கேட்டேள்! பிள்ளையார் சுழி போடாம யாராவது லிஸ்ட் எழுதுவாளா?”

“அழிச்சிடறேன் மாமி.”

“அழிக்கப்படாது! அது பாட்டுக்கு ஓரமா இருந்துட்டுப் போறது.”

“ஓரமா இல்ல மாமி. வழிய மறிச்சுக்கிட்டு நிக்கறார். அவரத் தாண்டி ஒரு மெயிலும் போகல.”

மாமியே வழி சொன்னார். “அப்போ அவருக்கும் ஒரு அட்ரஸ் குடுத்துடுங்கோளேன்.”

என் முகவரியையே கொடுத்தேன். பட்டனை அமுக்கினேன். சில நொடிகளில் எனக்கு ஒரு மெயில்: ‘மதிப்பிற்குரிய உ அவர்களுக்கு, இன்றைய கூட்டம் அடையாறில்…’ அத்தனை அழகான உரைநடையை நான் எழுதியதே இல்லை. அடுத்தடுத்து ‘சரி’, ‘வருகிறேன்’ என்று பதில்கள். காலையில் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மாலையில் இருபத்து மூன்று பேர். எங்களுக்கு அது திருவிழாக் கூட்டம். பேராசிரியர் உற்சாகமாகத் தொண்டையைச் செருமியபோது, என் போன் அதிர்ந்தது. வெளியே ஓடினேன். வழிதவறி வருபவர்களை அடையாறுக்கு அனுப்பச் சொல்லியிருந்த, பழைய ஹால் வாட்ச்மேன்.

“சார், ஆறரை ஆயிடுச்சு. இங்க ஒருத்தர்கூட வர்ல.”

“அப்பாடா! எல்லாருக்கும் மெயில் போயிடுச்சுப்பா!”

“மெயில் இன்னா சார் மெயில், உன் மீட்டிங்னா எப்பவுமே இப்டிதான கீது.”