மடியில் ஒரு பின்கண்ணாடி

கரையான்சாவடியில் காருக்கு சீட் கவர் தைக்கும் கடைக்காரர் அவர். எல்லோரையும் போல நானும் பாய் என்றே கூப்பிடுவேன். தாடியில் மருதாணிச் சிவப்பு. யார் வந்தாலும் முகத்தைப் பார்க்காமல், வந்த வண்டியின் தையலைத்தான் பார்ப்பார்.

என்னிடம் துணிக்கூரையை மடக்கித் திறக்கிற பழைய கார் இருந்தது. சர்ச்சில் கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளையோடு அதில் கூரையைத் திறந்தபடி போக வேண்டும் என்று மகளுக்கு ஆசை. கூரையின் பிளாஸ்டிக் பின்கண்ணாடி மஞ்சளாகிக் கிழிந்திருந்தது. பாய் புதிதாக வெட்டி, ஜிப் வைத்துத் தைத்தார். தைத்ததும் ஒரு நிபந்தனை போட்டார்.

“கூரைய தொறக்கணும்னா மொதல்ல கண்ணாடிய கழட்டிடு சார். மடக்கினா கோடு உழும்.”

“கழட்டி டிக்கில வெச்சிடறேன்.”

“கீறல் உழும். யார்னா மடில வெச்சிகினு குந்தணும்.”

“அப்ப நீங்களே வந்து உக்காருங்க பாய்,” என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. “எத்தினி மணிக்கு?” என்றார்.

கல்யாணத்தன்று வெள்ளை ஜிப்பாவில் சர்ச் வாசலில் நின்றிருந்தார். கண்ணாடியைத் தானே கழற்றி, துண்டில் சுற்றி, என் பக்கத்தில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். மகள் ஏதாவது சொல்வாளோ என்று பயந்தேன். அவள் சிரித்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்தாள்.

ஆல்பத்தில் மணமக்கள் ஊரைப் பார்த்துக் கையசைக்கிறார்கள். அவர் குனிந்து மடியையே பார்க்கிறார்.

“முன்னாடி இருக்கிறது யாரும்மா, தாய்மாமனா?” என்று சம்பந்தியம்மா கேட்டார்.

“எங்க சைடுதான், அத்தை,” என்றாள் மகள்.