நான் அழித்த தழும்பு

மூன்று வருடங்களுக்கு முன், ஆற்றுத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்த ஆடி மாதத்தில் நடந்தது இது. கீழ்வேளூரில் எனக்கு ஒரு சின்ன டிசைன் கடை. கல்யாண பேனர், கடை போர்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாம் செய்வேன். "அவன் கை பட்டா கிழவனும் மாப்பிள்ளை ஆயிடுவான்" என்று ஊரில் பேச்சு. அதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒரு நாள் கடை திறந்ததும் ஓர் அக்கா ஓடி வந்தார். திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் விவசாயக் குடும்பம். மறதி நோய் வந்த அப்பாவை வேளாங்கண்ணிக்கு அழைத்துப்போய்விட்டு, முந்தின நாள் பஸ்ஸில் திரும்பியிருக்கிறார். அசதியில் அவர் கண்ணயர்ந்த நேரம், அப்பா எங்கள் ஊரில் இறங்கிவிட்டார். போலீஸில் சொல்லியும், விடிய விடியத் தேடியும் ஆள் கிடைக்கவில்லை.

"தம்பி, நல்லா பெருசா போஸ்டர் போடணும். எல்லாரும் பாக்கணும்" என்றார்.

அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்தது. "இப்படி அனுப்புனா படம் சுருங்கிடும்க்கா. எடுத்தவங்கள டாகுமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க" என்று அதட்டாத குறையாகச் சொன்னேன். அவருடைய தம்பி அனுப்பினார். பேரனின் காதுகுத்தில் எடுத்த படம். நரைத்த தாடி, குழி விழுந்த கன்னம், தாடையில் அரிவாள் கிழித்த தழும்பு வரை அத்தனை தெளிவு.

என் கை சும்மா இருக்குமா? சுருக்கத்தை நீவி, தாடியை மழித்து, தழும்பை அழித்து, நிறத்தையும் இரண்டு படி ஏற்றினேன். பின்னால் நீல வானம் வேறு.

அக்கா திரையைப் பார்த்து, "அப்பா கொஞ்சம் இளமையா இருக்காப்புல இருக்கே தம்பி" என்று இழுத்தார்.

"பிரிண்ட்ல சரியாயிடும்க்கா" என்று அடித்துவிட்டேன். அழுது வீங்கிய கண்ணோடு நின்றவர், தொழில் தெரிந்தவன் சொல்கிறான் என்று நம்பிவிட்டார்.

பஸ் ஸ்டாண்ட், ரயிலடி, கடைத்தெரு எங்கும் ஒட்டினோம். அன்று முழுக்க ஒரு போன்கூட வரவில்லை.

மறுநாள் காலை டீக்கடைக்குப் போனேன். கடைச் சுவரிலேயே என் போஸ்டர். கடைக்காரம்மா டீ ஆற்றிக்கொண்டே, "இவரையா காணோம்? பாத்தா எலெக்‌ஷன்ல நிக்கிறவரு மாதிரி இருக்காரு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. போனில் இருந்த அசல் படத்தைக் காட்டினேன்.

"அட, இவரா? நேத்து சாயங்காலம் இந்த பெஞ்சுலதான் உக்காந்திருந்தாரு. தாடையில தழும்பு இருந்துச்சே. தண்ணி வந்துருச்சா, மடை தொறந்தாச்சான்னு போற வர்றவங்களையெல்லாம் கேட்டாரு. நான்தான் டீ குடுத்தேன்."

என் போஸ்டருக்குக் கீழேயே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார் மனுஷன். நேராக அக்காவிடம் போய், செய்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் திட்டவில்லை. "சீக்கிரம் மாத்திப் போடுங்க தம்பி" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட வலித்தது.

இந்த முறை முகத்தில் எதையும் தொடவில்லை. வெள்ளைப் பின்னணி வைத்து, தழும்பு பளிச்சென்று தெரியும்படி அச்சடித்தேன். தண்ணீரைத்தானே விசாரித்தார் என்று, வாய்க்கால் ஓரத்து ஊர்களாகப் பார்த்து ஒட்டினோம். மதியத்துக்குள் போன் வந்தது. பேசியவர் நடவு வயலில் இருந்த ஒரு பெண்.

"அந்தத் தழும்புக்காரப் பெரியவரு எங்க மதகு மேலதான் உக்காந்திருக்காரு. கஞ்சி குடுத்துருக்கோம். பதறாம வாங்க" என்றார்.

நாங்கள் போனபோது வாய்க்காலில் காலை நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அழுதபடியே அவருடைய தாடையைத் தடவினார். அவருக்கு மகளின் பெயர் நினைவுக்கு வரவில்லை. "தண்ணி வந்துருச்சும்மா" என்று சிரித்தார். நானும் அழுதுவிட்டேன்.

போன மாதம் அக்கா போன் செய்தார். அப்பாவின் எண்பதாவது பிறந்தநாளுக்குப் பேனர் வேண்டுமாம். "டாகுமென்ட்டாவே அனுப்பியிருக்கேன் தம்பி. தழும்பு பத்திரம்" என்று கிண்டல் வேறு. இப்போதெல்லாம் யாருடைய படம் வந்தாலும், அவர் தொலைந்துபோனால் வீட்டுக்காரர்கள் எதை வைத்துத் தேடுவார்கள் என்று ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுத்தான் மவுஸில் கை வைக்கிறேன்.