குதிரைகளை எதிர்த்துப் பேசியவன்

அமெரிக்காவின் ஆஸ்டோரியா ஊரில் தாவெத்தி ரௌதியோ என்ற என் பெயரைக் கேட்டிராத பின்லாந்துக்காரர் கிடையாது. மீன் பிடித்து வாங்கிய பெயர் அல்ல, வாயால் வாங்கியது.

இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்தேன். கொலம்பியா ஆற்றில் எல்லோரும் வலை விட்டார்கள், நானும் விட்டேன். சால்மன் மீனைவிட மரக்கட்டைதான் எனக்கு அதிகம் சிக்கியது. வீட்டில் அடுப்பு எரிந்தது என் மனைவி ஹில்யாவால். டப்பா மீன் ஆலையில் பத்து மணி நேரம் நின்றபடியே மீன் துண்டுகளைத் தகர டப்பாக்களில் அடைப்பாள்.

"நான் பிடிக்கிறதைத்தானே நீ அடைக்கிற?" என்பேன்.

"உங்களை நம்பியிருந்தா ஆலையை என்னைக்கோ மூடியிருப்பாங்க" என்பாள்.

அப்போது ஆலைக்காரர்கள் ஆற்று நடுவே மணல்திட்டுகளில் குதிரைகளை இறக்கிப் பெரிய கரைவலைகளை இழுக்க வைத்தார்கள். படகுக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. சங்கக் கூட்டத்தில் நான் மேசைமேல் ஏறி முழங்கினேன்: "குதிரை புல்லு திங்கட்டும்! நம்ம மீனை எதுக்குத் திங்குது?" கைதட்டலில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வாரம், நல்ல பகலில், என் வலை ஆற்றுக்கடியில் ஒரு மரத்தில் மாட்டியது. அறுத்துவிட்டுப் போயிருக்கலாம். புது வலை, மனம் வரவில்லை. இழுத்த இழுப்பில் வலை கிழிந்து படகுக்கு அடியில் சுழலும் விசிறியில் சுற்றிக்கொள்ள, எஞ்சின் நின்றுபோனது. கடல் உள்வாங்கி ஆற்று நீரை இழுக்கும் நேரம். ஆறு என் படகை முகத்துவாரத்து அலைகளை நோக்கித் தள்ளியது. அங்கே போன படகுகள் பலகையாகத்தான் திரும்பும். கடைசித் திட்டை நெருங்கும்போது தொண்டை கிழியக் கத்தினேன்.

திட்டில் குதிரை ஓட்டிய யால்மரி நான் முழங்கிய கூட்டத்திற்கு வந்திருந்தவன். ஒற்றைக்கண் வெள்ளைக் குதிரையோடு மார்பளவு நீரில் இறங்கினான்.

"யோவ் தாவெத்தி! குதிரை வரலாமா, இல்ல புல்லு திங்கப் போகட்டுமா?"

"வரட்டும்யா, சீக்கிரம்!"

"கூட்டத்துல பேசின குரல்ல சொல்லு, காதுல விழல!"

சொன்னேன். கயிற்றை எறிந்தேன். கழுத்துப்பட்டையில் அவன் முடிச்சுப் போட்டதும் அந்தக் கிழட்டுக் குதிரை என்னையும் படகையும் கரையேற்றியது. அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். அதை யால்மரி ஊர் முழுக்கச் சொன்னான்.

வீட்டில் ஹில்யா சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கயிறு அறுத்திருந்த என் உள்ளங்கைகளைக் கழுவினாள்.

"வலை போனா போகட்டும்னு விடத் தெரியாதா உங்களுக்கு?" என்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த கூட்டத்தில் எழுந்தேன். "குதிரைங்களைத் தடுக்கணும்தான். அந்த வெள்ளைக் குதிரையை மட்டும் விட்டுடுங்க" என்றேன். சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று.

அந்தப் பருவம் முடிந்ததும் படகை விற்றுவிட்டு யால்மரியோடு குதிரை ஓட்டப் போனேன். இரண்டு வருஷம் பழைய கூட்டாளிகள் யாரும் என்னோடு உட்கார்ந்து காபி குடிக்கவில்லை. ஆனால் நான் இழுத்த மீன் முதல்முறையாக ஹில்யாவின் மேசைக்கு வண்டி வண்டியாகப் போனது.

பல வருஷம் கழித்து மக்கள் ஓட்டுப் போட்டு ஆற்றில் குதிரைகள் வலை இழுப்பதைத் தடை செய்தார்கள். டப்பா அடுக்கும் மரப்பெட்டிகளுக்கு ஆணி அடிக்கும் வேலை எனக்கு ஆலையில் கிடைத்தது. அதற்குள் ஹில்யா மேற்பார்வையாளர் ஆகியிருந்தாள். முதல் நாளே என் கை மந்தம் என்று எல்லார் முன்னிலும் கடிந்துகொண்டாள். உண்மைதான், மந்தம்தான்.