உள்ளங்கையில் மூன்று துளி

வெங்காயம் பருக்கிற நேரத்தில் தண்ணீர் இறைக்கிற மெஷின் இரண்டு நாளாக மக்கர். அன்றைக்கும் தண்ணீர் விடாவிட்டால் தோட்டம் போய்விடும்.

எங்கள் பக்கத்தில் மெஷினைப் பெற்றோலில் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்குத் திருப்புவோம். ஏன் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்று திருப்பியதும் புகை கக்கிக்கொண்டு நின்றது. நாலு தரமும் அப்படித்தான். கலப்படம் என்று முடிவு கட்டி, மண்ணெண்ணெய்க் கானைத் தூக்கிக்கொண்டு சுன்னாகத்துப் பெற்றோல் செட்டுக்குப் போனேன்.

"என்னத்தைக் கலந்து விக்கிறியள்? என்ரை வெங்காயம் செத்தால் நீர் தருவீரோ?"

எண்ணெய் அடிக்கிறவர் கானை மணந்து பார்த்தார். "கையை நீட்டுங்கோ அக்கா."

உள்ளங்கையில் மூன்று துளி விட்டார். பெற்றோல் சில்லென்று குளிர்ந்து, பார்க்கமுதல் காணாமல் போனது. மண்ணெண்ணெய் கொஞ்சம் நின்று மெலிந்தது. என் கானில் இருந்தது பிசுபிசுவென்று அப்படியே கிடந்தது.

"உது டீசல். வீட்டிலை உழுகிற லான்ட்மாஸ்டர் நிக்குதோ?"

"ஓம்."

"அப்ப அதின்ரை டீசலை இதுக்குள்ளை விட்ட வீட்டுக்கார அண்ணையோடை போய்ச் சண்டை பிடியுங்கோ."

வெட்கமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன்: "மூண்டையும் வேறை வேறை இடத்திலையோ எடுக்கிறது?"

"ஒரே கறுப்பு எண்ணெய்தான் அக்கா. காய்ச்சி, ஆவியை ஒரு கோபுரத்துக்குள்ளை விடுவாங்கள். லேசானது மேலை போகும், அது பெற்றோல். இடையிலை மண்ணெண்ணெய், கீழை டீசல். அடியிலை மிஞ்சுற மண்டிதான் றோட்டுத் தார். லேசானது உடனை பத்தும். மண்ணெண்ணெய்க்கு மெஷின் சூடாக வேணும். டீசலுக்கு அந்தச் சூடும் காணாது."

"அந்தக் கறுப்பு எண்ணெய்?"

"கடல்லை செத்த, கண்ணுக்குத் தெரியாத உயிருகள். சேத்துக்குள்ளை புதைஞ்சு, கோடிக்கணக்கான வருசம் வெந்தது."

உள்ளங்கையில் இன்னும் கிடந்த டீசலைப் பார்த்தேன். பின்னால் ஓட்டோக்காரன் ஹோன் அடித்தான். அவன் வண்டிக்குள் இருந்ததும், அவன் நின்ற றோட்டும் ஒரே பானையில் வெந்தவை. இவ்வளவு காலமும் அதை வாங்கி எரித்திருக்கிறேன், ஒரு மாட்டுக்குக் காட்டுகிற மரியாதைகூடக் காட்டாமல்.

மண்ணெண்ணெய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து கணவரைக் கேட்டேன். "இஞ்சரப்பா, கானிலை என்னத்தை விட்டனீங்கள்?"

"ரெண்டு கானும் நீலம். நான் என்ன சாத்திரம் பாக்கிறவனோ?"

மெஷினின் எண்ணெய்த் தாங்கியைக் கழுவி, பிளக்கைத் துடைத்து, கயிற்றை இழுத்தேன். பெற்றோலில் பிடித்தது. சூடேறும்வரை இருந்தேன். முன்பென்றால் அந்த நேரத்தில் மெஷினைத் திட்டியிருப்பேன். பிறகு மெல்லத் திருப்பினேன். ஒருதரம் இருமியது, ஓடியது. வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போய் முதல் பாத்திக்குள் இறங்கியது. வெடித்திருந்த மண் சத்தம் போட்டுக் குடித்தது.