நம்பர் இல்லாத புகார்

ஆடைக் கம்பெனி வாசலில் நின்று நோட்டீஸ் கொடுத்துக்கொண்டே இருந்ததால் அவளுக்கு 'நோட்டீஸ்' என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வக்கீல் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் கிடையாது. தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆறு வருடம் ஓடியவள். கறுப்புக் கோட்டின் முழங்கையை இரண்டு தடவை ஒட்டுப் போட்டுத் தைத்தாகிவிட்டது.

அந்த வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தொழிலாளர் சட்டத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்தாள். 'ஏன் படிக்க விரும்புகிறீர்கள்' என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் சின்ன வயதுக் கனவில் ஆரம்பிப்பார்கள். இவள் மனு எழுதிப் பழகிய கை. ஒன்று, இரண்டு, மூன்று என்று பத்திகளுக்கு எண் போட்டு எழுதிவிட்டாள்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மொழிபெயர்த்துச் சொல்லச் சொன்னார். கேட்டு முடித்ததும் சிரித்தார்.

"கடைசியில 'ஆகவே எனக்கு இடம் வழங்கி நீதி செய்யுமாறு வேண்டுகிறேன்'னு முடிச்சிருக்கியே. சீட்டு கேக்குறியா, ஜாமீன் கேக்குறியா?"

"கேக்குறதை ஒழுங்கா கேக்கணும்பா."

இடம் கிடைத்தது. உதவித்தொகையும் சேர்ந்து கிடைத்தது. ஒரே ஒரு காகிதம் பாக்கி என்று கடிதம் சொன்னது. அவள் ஒழுங்கான வக்கீல்தான், அவள்மேல் எந்தப் புகாரும் நிலுவையில் இல்லை என்று உள்ளூர் வழக்கறிஞர் கழகம் தரும் நன்னடத்தைச் சான்று. இருபதாம் தேதிக்குள் வராவிட்டால் இடம் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும்.

கழக அலுவலகத்துக்குப் போனாள். செயலாளர் நாற்காலியைக் காட்டினார். டீ வரவழைத்தார். டீ வந்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது, காரியம் நடக்காது.

"உம்மேல ஒரு புகார் இருக்கேம்மா" என்றார்.

இருந்தது. நான்கு மாதம் முன்பு ஆடைக் கம்பெனி அனுப்பியது. அந்தக் கம்பெனியில் துணி வெட்டும் பிரிவின் பின்கதவுக்குப் பூட்டுப் போட்டு வைத்திருந்தார்கள். தீப்பிடித்தால் ஓட வேண்டிய கதவு அது. பூட்டைக் கழற்றினால்தான் வேலை என்று முப்பத்தொரு பேர் கத்திரியைக் கீழே வைத்தார்கள். முப்பத்தொரு பேரையும் வீட்டுக்கு அனுப்பியது கம்பெனி. அவர்கள் வழக்கை இவள் எடுத்தாள். 'பின்கதவைத் திற' என்று நோட்டீஸ் அச்சடித்து வாசலில் நின்று கொடுத்தாள். வக்கீலே வாசலில் நின்று ஆள் பிடிக்கிறாள், தூண்டிவிடுகிறாள் என்பதுதான் புகார்.

"ஒரே வரிம்மா" என்றார் செயலாளர். "நடந்ததுக்கு வருந்துறேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. அவங்க புகாரை வாபஸ் வாங்கிடுவாங்க. பேசிட்டேன். உன் சர்டிஃபிகேட்டை டைப் அடிச்சே வெச்சிருக்கேன் பாரு, கையெழுத்துதான் பாக்கி."

மேசை இழுப்பறையைத் திறந்து காட்டவும் செய்தார்.

"அந்த வரி நாளைக்கே கம்பெனி வக்கீல் கையில இருக்கும் சார். 'தூண்டிவிட்டதை அவங்க வக்கீலே ஒத்துக்கிட்டாங்க'ன்னு கோர்ட்ல வாசிப்பாரு. முப்பத்தொரு பேர் கேஸ் அங்கேயே படுத்துடும்."

"நீ பிளேன் ஏறின பிறகு அது யார் தலைவலி?"

"என்னுதுதான். பிளேன்ல ஏறினா தலை கீழேயா இருந்துடும்?"

டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தாள்.

வீட்டில் கட்டில்மேல் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அப்பா எடை பார்க்கும் மெஷினில் தான் ஒரு தடவை ஏறி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு தடவை ஏறி, கழித்துக் கழித்து எழுதிக்கொண்டிருந்தார். அம்மா கம்பளிக் காலுறைகளைச் சுருட்டிச் சட்டப் புத்தகங்களின் இடுக்கில் திணித்தாள். சித்தியும் வந்திருந்தாள், வேலை செய்வதற்கு அல்ல, புத்தி சொல்வதற்கு.

"ஒரு வரி எழுதினா கையா தேஞ்சுடும்?" என்றாள் சித்தி. "என் கல்யாணத்துல இருந்து உங்க சித்தப்பாகிட்ட நான் எத்தனை தடவை வருத்தம் தெரிவிச்சிருக்கேன்! ஒண்ணாவது மனசார சொன்னேனா?"

"அதை யாரும் கோர்ட்ல வாசிக்கல சித்தி."

அம்மா காலுறையைக் கீழே வைத்தாள். "ஆறு வருஷம் அவங்களுக்காக ஓடினே. உனக்குன்னு ஒண்ணு வந்திருக்கு. இதையும் யாருக்காகடி விடப்போற?"

அந்த இடம் அவளுக்கு வேண்டும். வேண்டாம் என்று பொய் சொல்கிற ஆளும் அவள் கிடையாது. விடுதி அறையின் படத்தை நூறு தடவை பார்த்து வைத்திருந்தாள்.

பதினேழாம் தேதி கட்டிங் அக்கா வந்தாள். முப்பத்தொரு பேரில் மூத்தவள், இருபது வருடம் துணி வெட்டியவள். உட்காரக்கூட இல்லை.

"எழுதிக் குடுத்துட்டுப் போடி. நாங்க பாத்துக்கறோம்."

"அக்கா, மன்னிப்பு எழுதிக் குடுத்தா திரும்ப எடுத்துக்கறோம்னு கம்பெனி உங்களைக் கூப்பிட்டுச்சே. எழுதிக் குடுத்தீங்களா?"

"நான் ஏன் குடுக்கணும்? பூட்டு போட்டவன் குடுக்கட்டும்!"

"அப்ப எனக்கு மட்டும் ஏன் இந்தப் புத்தி?"

கட்டிங் அக்கா அவளை முறைத்தாள். "வாயாடி" என்றாள். பிறகு உட்கார்ந்து அம்மாவுக்குத் துணி மடித்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

பதினெட்டாம் தேதி நோட்டீஸ் மறுபடி கழகத்துக்குப் போனாள். செயலாளர் அறைக்குப் போகவில்லை. நேராகப் பதிவேட்டு எழுத்தரிடம் போனாள். புகாரை உடனே விசாரித்து முடியுங்கள் என்று மனு கொடுக்க நினைத்தாள். மனுவில் எழுதப் புகாரின் நம்பர் வேண்டும்.

எழுத்தர் பதிவேட்டை விரலால் தடவிக்கொண்டே போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார்.

"நம்பரே இல்லையேம்மா."

"எப்படி இல்லாம இருக்கும்?"

"சத்தியப் பிரமாணத்தோட குடுத்தாதான் நம்பர் போடுவோம். அவங்க வெறும் லெட்டர் அனுப்பிட்டு, உங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பியிருக்காங்க. திருப்பி அனுப்பத்தான் எடுத்து வெச்சேன். அதுக்குள்ள நீங்க ஒன்பது பக்கம் பதில் போட்டுட்டீங்க. பதில் வந்துட்டதால கோப்பு திறந்துட்டேன். உள்ள முறையா சீல் வாங்கினது உங்க பதில் ஒண்ணுதான். கம்பெனி லெட்டர் அதுக்குப் பின்னால சும்மா சொருகியிருக்கு."

நோட்டீஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். வக்கீலுக்கு மட்டுமே வரக்கூடிய வியாதி இது. காகிதம் வந்தால் ஏழு நாளில் பதில் போட்டே ஆக வேண்டும். வேறு எவராக இருந்தாலும் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டிருப்பார்கள், புகாரும் அதோடு செத்திருக்கும். இவள் ஒன்பது பக்கம் ஊட்டி வளர்த்திருக்கிறாள்.

நின்ற இடத்திலேயே ஒரு தாளை எடுத்தாள். 'நான் தாக்கல் செய்த பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.' ஒரே வரி. கையெழுத்து. தேதி.

எழுத்தர் படித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு சீல் குத்தினார். அந்த வரியைத் தன் தபால் கட்டில் வைத்துக்கொண்டு, ஒன்பது பக்கத்தையும் உருவிக் கொடுத்தார்.

"இப்ப கோப்புல என்ன இருக்கு?"

"பிரமாணம் இல்லாத ஒரு லெட்டர். ஒரு ரப்பர் பேண்டு."

அந்தக் கோப்போடு எழுத்தரையும் அழைத்துக்கொண்டு செயலாளர் அறைக்குள் போனாள். இந்தத் தடவை டீ வரவில்லை.

"என்ன விளையாட்டு இது? நாளைக்கே அவங்க முறையா புகார் குடுப்பாங்க!"

"குடுக்கட்டும் சார். நம்பர் போட்டு அனுப்புங்க, அங்க இருந்து பதில் எழுதுறேன். இன்னைக்கு எம்மேல என்ன நிலுவையில இருக்கு? இன்ன நம்பர் புகார் இருக்குன்னு எழுதிக் குடுங்க. இல்லேன்னா சர்டிஃபிகேட் குடுங்க."

செயலாளர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் மின்விசிறியைப் பார்த்தார்.

"இன்னைக்கு டைப்பிஸ்ட் லீவு."

"டைப் அடிச்சு இழுப்பறையில வெச்சிருக்கேன்னு காட்டினீங்களே சார்."

அவர் இழுப்பறையைத் திறந்து சான்றை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆனாலும் உடனே கொடுத்துவிட்டால் அது என்ன பதவி? வெளியே காத்திரு என்றார். அவள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். பதினொரு மணி. வந்த வக்கீல் எல்லாம் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்டார்கள். கேட்டவர்களிடமெல்லாம் முழுக் கதையையும் சொன்னாள், உள்ளே கேட்கிற குரலில். மதியத்துக்குள் கட்டடம் முழுக்க அந்த ரப்பர் பேண்டைப் பற்றித்தான் பேச்சு. மூன்றரைக்குச் சான்று வெளியே வந்தது. செயலாளர் வரவில்லை, எழுத்தர் கொண்டுவந்தார்.

"கையெழுத்து கொஞ்சம் கோவமா இருக்கு. ஆனா செல்லும்."

அன்றே அனுப்பிவிட்டாள். பத்தொன்பதாம் தேதி பல்கலைக்கழகத்திலிருந்து 'பெற்றுக்கொண்டோம்' என்று பதில் வந்தது. அப்பா அதைச் சத்தமாக இரண்டு தடவை படித்தார். ஒன்பது பக்கப் பதிலையும் பெட்டியில் வை என்றாள் அவள், எப்படியும் தேவைப்படும் என்று. அம்மா ஒரு ஜோடி காலுறையை வெளியே எடுத்து இடம் பண்ணிக் கொடுத்தாள்.

வழக்கை நீதிமன்றத் தோழி ஒருத்தியிடம் ஒப்படைத்தாள். முப்பத்தொரு பேரும் வரிசையில் நின்று புது வக்காலத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வழக்கு இன்னும் முடியவில்லை. பின்கதவில் பூட்டு இன்னும் தொங்குகிறது.

விமானத்துக்கு முந்தின நாள், காலை ஷிஃப்ட் உள்ளே போகும் நேரத்தில் கம்பெனி வாசலில் அவள் நின்றாள். கையில் புது நோட்டீஸ். அடுத்த வாய்தாத் தேதி, புது வக்கீலின் முகவரி, மேலே பெரிய எழுத்தில் அதே 'பின்கதவைத் திற'.

கட்டிங் அக்கா பக்கத்தில் நின்று நோட்டீஸ் கட்டில் பாதியை வாங்கிக்கொண்டாள். "இதுக்குத்தானேடி அன்னைக்குப் புகார் வந்துச்சு?"

"வரட்டும்கா. இந்தத் தடவையாவது நம்பர் போட்டு வரட்டும்."

காவலாளி வேகமாக வந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவன் கையிலும் ஒன்றைத் திணித்தாள்.